மூன்று தரம் கழுவிய லைட்

திங்கட்கிழமை காலை கையிலிருந்த லைட் வழுக்கி மீன்தொட்டிக்குள் விழுந்தபோது டிலோஜினி முதலில் கூப்பிட்டது மாதாவை. அடுத்ததாகத் திட்டியது புருஷனை. புருஷன் எட்வேட் அந்த நேரத்தில் கட்டாரில் ஏதோவொரு மாடிக் கட்டடத்தின் ஏசிகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தான். அவன்மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும், நாலடி நீள லைட்டைத் தங்கூசி என்கிற நைலோன் நூலால் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நாட்டை விட்டே போனவனைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது?

கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைக்க ஒரு பக்க நூலை அவிழ்த்திருந்தாள். கை ஈரம். லைட் ஒரு பக்கமாகச் சரிந்து, மற்றப் பக்க நூலையும் அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. எரிந்தபடியே அடியில் போய்ப் படுத்து, ஒரு கணம் தொட்டியைக் கீழிருந்து நீலமாகக் காட்டியது. பிறகு மூலையில் ட்றிப் சுவிட்ச் 'டக்' என்று விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. அவசரப்பட்டுக் கையை விடாமல், மெயின் சுவிட்சையும் நிறுத்தி, வயரையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை விட்டாள். அந்தளவு புத்தி அவளுக்கு இருந்தது.

பேசாலையில் கடல்தண்ணீர் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கு ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி என்று கேட்காத ஆள் இல்லை. எட்வேட் சுழியோடியாக இருந்தவன். கடல் அட்டைக்கும் சங்குக்கும் முங்கியவன், பிறகு கொழும்பு ஆட்களுக்கு வர்ண மீன்களும் பிடித்துக் கொடுத்தான். முப்பத்துமூன்று வயதில் ஒருநாள் ஆழத்தில் வைத்துக் காதுச் சவ்வு கிழிந்தது. இனித் தண்ணீருக்குள் தலையைக் கொண்டுபோனால் காது கேட்பதே போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் யாரோடும் கதைக்காமல் கிடந்தான். பிறகு திடீரென்று எழும்பி, முன்னறையில் இந்தத் தொட்டியைக் கட்டினான், லைட்டையும் தன் கையாலேயே செய்தான். கூட்டாளிகள் கடலுக்குள் இருந்து கான்களில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்களும், கைகளை விரித்து ஆடுகிற ஒரு கடல் தாமரையும் வந்து குடியேறின. கடல் தாமரை பெயருக்குத்தான் தாமரை, அது ஓர் உயிர். வெளிச்சம் இல்லாவிட்டால் சுருங்கிச் சுருங்கிச் செத்துப்போகும். இதையெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் படிப்பித்து முடித்து, எட்வேட் கட்டாருக்குப் போனான். அது நாலு வருசத்துக்கு முந்தின கதை. இடையில் ஒரேயொரு தரம் ஒரு மாத லீவில் வந்து போனான்.

பின்னேரம் ஏழு மணிக்கு வீடியோவில் எடுப்பான். "சாப்பிட்டியா, வேலை எப்பிடி, மழை பெய்யுதா" என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்லி முடிக்க ஒரு நிமிசம் போதும். நாலாவது எப்போதும் ஒன்றுதான்: "ஒருக்கா உள்ளுக்குக் காட்டு டிலோ."

அவள் கமராவைத் தொட்டிப் பக்கம் திருப்புவாள். அவன் பார்த்துக்கொண்டிருப்பான். சில நாள் பத்து நிமிசம், சில நாள் அரை மணித்தியாலம்.

நண்டு வாங்கி அனுப்புகிற வாடியில் அவளோடு நண்டுக்குக் கால் கட்டுகிற றெபேக்கா இதைக் கேட்டுவிட்டு, "புருசன் மீனைப் பாக்கிறதுக்கு நீ என்னத்துக்கடி டேட்டா போடுறாய்?" என்று கேட்டாள். முதல் ஆறு மாதம் டிலோஜினிக்கும் அந்த எரிச்சல் இருந்ததுதான். பிறகு ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தாள். றெபேக்காவுக்கு அதைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

கமரா தன் பக்கம் இருக்கும்போது இரண்டு பேருமே ஸ்டூடியோவில் படத்துக்கு நிற்பவர்கள் போல விறைத்துக்கொள்வார்கள். தொட்டிப் பக்கம் திருப்பியதும் அவனுக்கு அவள் தெரியமாட்டாள், அவளுக்கு அவன் முழுதாகத் தெரிவான். அவன் தன்னை மறந்துவிடுவான். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். மீன் ஒரு பக்கம் திரும்பினால் புருவமும் அந்தப் பக்கம் போகும். சவரம் செய்யும்போது வெட்டின காயம், காதுக்கு மேல் புதிதாக வந்த நரை, உதடு வெடித்திருக்கிறதா இல்லையா, எல்லாவற்றையும் அவள் ஆறுதலாகப் பார்ப்பாள். அவள் புருஷனைக் கண்ணாரப் பார்ப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். அந்த லைட்டின் புண்ணியம். ஒரேயொரு ஆசைதான் மிச்சம் இருந்தது. ஒருநாளாவது அவன், "மீன் காணும், நீ இஞ்சால வா, உன்னைப் பாப்பம்" என்று சொல்ல வேண்டும். அவன் சொன்னதில்லை. அவளும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை.

இந்தக் கிழமை பார்த்தா லைட் விழ வேண்டும்? எட்வேட்டின் இரண்டாவது கொன்றாக், இரண்டு வருச ஒப்பந்தம், முடிகிறது. வியாழக்கிழமைக்குள் கொம்பனிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது ஊருக்கு ரிக்கெற் எடுக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றிருந்தான். வந்துவிடுங்கோ என்று அவள் மன்றாடவில்லை. தொட்டி அவனை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று நம்பியிருந்தாள். இந்தக் கிழமை தொட்டி இருண்டு, தாமரை செத்துப்போனால் அவனுக்கு வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது? 'நான் இருக்கிறன்தானே' என்று நினைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

கடலில் விழுந்த எஞ்சினை என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காயவிடக் கூடாது, உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். டிலோஜினியும் அதைத்தான் செய்தாள். திருப்புளியால் பன்னிரண்டு திருகாணிகளையும் கழற்றி, அலுமினிய மூடியைத் திறந்தாள். குட்டிக் குட்டி பல்புகள் வரிசையாக ஒட்டியிருந்த பலகையைப் பேசினில் வைத்து, கிணற்றில் அள்ளி அள்ளிக் கழுவினாள். ஒரு தரம் போதாதென்று மூன்று தரம். தொட்டி மீன்களை நாலு வருசம் வளர்த்தவள் அரைகுறை வேலை செய்யமாட்டாள். பிறகு வாடிக்குப் போகும் முன்பு தகரக் கூரையில் பழைய சீலை விரித்து வெயிலில் வைத்தாள். காகம் தூக்காமல் மேலே வலைத்துண்டும் போட்டாள்.

அன்று பின்னேரம் அவன் எடுத்தபோது, "கரண்ட் இல்லை" என்று சொல்லி வீடியோவை நிறுத்திவிட்டாள். செவ்வாய்க்கிழமை, "டேட்டா முடிஞ்சுது." இரண்டு நாளும் அவன் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. "சரி, பறவாயில்ல" என்று சட்டென்று வைத்துவிட்டான். தப்பினோம் என்று நெஞ்சில் கை வைத்தாள்.

புதன்கிழமை விடிய, காய்ந்த பலகையை மூடிக்குள் பூட்டி, புது நூலில் கட்டித் தூக்கி, சுவிட்சைப் போட்டாள். எரிந்தது! இரண்டு நாளாக மடங்கிக் கிடந்த தாமரைக்கு மேல் வெளிச்சம் விழுந்தது. மூலையில் ஒளித்திருந்த மீன்கள் இரண்டும் முன்னுக்கு வந்தன. டிலோஜினி தனியாக நின்று கை தட்டினாள். பத்து நிமிசம்கூட ஆகியிராது. ஒரு வரிசை பல்பு சிமிட்டியது, அடுத்த வரிசை சிமிட்டியது, பிறகு எல்லாம் ஒன்றாக அணைந்து, கருகின மணம் வந்தது. திறந்து பார்த்தால் ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளைத் தூள். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு.

மூன்று தரம் கழுவியும் உப்பு எங்கிருந்து வந்தது?

வாடியில் அரைநாள் லீவு சொல்லி, லைட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மன்னார் பஸ் ஏறினாள். உப்புக்குளத்தில் றஊப் நானாவின் கடை. போன் முதல் கிரைண்டர் வரை கொண்டுபோனதையெல்லாம் திறந்து பார்க்கிறவர். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இதக் கழுவாமக் காயவச்சிட்டீங்க, தங்கச்சி."

"கழுவினனான் நானா. மூண்டு தரம்."

"என்னட்டச் சும்மா சொல்லாதீங்க."

"சத்தியமா நானா, நல்ல தண்ணியிலதான் கழுவினனான்."

"சரி, கழுவினீங்க," என்றார். ஒரு சொல்லும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பல்புல கனக்கப் பழுதில்ல. கரண்ட் குடுக்கிற இந்தப் பெட்டிதான் எரிஞ்சி போச்சி. வேற ஒண்டு தாறன். ஆனா உப்பு முழுக்கப் போகாமப் பூட்டினா அதுவும் போயிடும், சொல்லிட்டன். இதச் செஞ்ச ஆளிட்டயே ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

செய்த ஆளிடம் கேட்பதா? பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதைத்தான் யோசித்தாள். தோட்டவெளி தாண்டும்போது கேட்பதில்லை என்று முடிவெடுத்தாள். வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தபோது முடிவு மாறியது. விரித்தால் சாப்பாட்டுக் கோப்பை அளவு இருக்கிற தாமரை எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கி, கல்லோடு ஒட்டிக் கிடந்தது.

ஏழு மணிக்கு வீடியோவிலேயே எடுத்தாள். "இஞ்சேருங்கோ, நான் ஒரு வேலை பாத்துப்போட்டன்" என்று தொடங்கி, விழுந்தது, கழுவினது, எரிந்தது, அணைந்தது, கரண்டும் டேட்டாவும் பொய் என்பதுவரை ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். கோயிலில் பாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

எட்வேட் ஏசவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாலே கத்துகிறவன் அன்று, "உனக்குக் கரண்ட் அடிக்கேல்லத்தானே?" என்று மட்டும் கேட்டான். பிறகு, "பலகையைக் கிட்டக் கொண்டுவா, பாப்பம்" என்றான்.

அதுக்குப் பிறகு வந்த அரை மணித்தியாலம்தான் அந்த நாலு வருசத்திலேயே டிலோஜினிக்கு மிகச் சந்தோசமான அரை மணித்தியாலம். அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். "அந்த மூலையில பச்சை கிடக்கு, பழைய பிறஷ் எடுத்து மெல்லமாத் தேய். அழுத்தாத. ஆ, அப்பிடித்தான். கெட்டிக்காரி." கெட்டிக்காரி! கலியாணம் முடித்த புதிதில் கூரைத் தகரம் மாற்றும்போது கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தவளுக்கு அவன் கடைசியாகச் சொன்ன சொல் அது. ஒரே பலகைமேல் இரண்டு பேரும் குனிந்திருப்பது போலவே இருந்தது. அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. தலையை நிமிர்த்தினால் இது முடிந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் நிமிராமலே தேய்த்தாள்.

"எனக்கு விளங்காதது ஒண்டுதான்," என்றான் எட்வேட். "உடன கழுவினா இவ்வளவு உப்பு நிக்காது. என்ன தண்ணியில கழுவினனி?"

"நல்ல தண்ணியிலதான்."

"நல்ல தண்ணி எண்டா?"

"எங்கட கிணத்துத் தண்ணி."

அவன் சிரித்தான். "அடி விசரி, அது உப்பெல்லோ!"

"என்னது?"

"எங்கட கிணத்துத் தண்ணி. உப்பில கழுவி உப்பில அலசியிருக்கிறாய். பிறகென்னெண்டு உப்புப் போகும்?"

அவள் பிறஷை வைத்தாள். "எங்கட தண்ணி எப்ப இருந்து உப்பு?"

"எப்பவுமே உப்புத்தான். எங்களுக்குத்தான் தெரியேல்ல. இஞ்ச வந்து நல்ல தண்ணி குடிச்சுப் பழகினாப் பிறகுதான் எனக்கே தெரியும். லீவில வந்தன் எல்லோ, முதல்நாள் நீ தந்த தேத்தண்ணி வாயில வைக்க ஏலாமக் கிடந்தது. சொன்னாக் கவலைப்படுவாய் எண்டிட்டு, வயிறு சரியில்லையெண்டு போத்தல் தண்ணி வாங்கினனான்." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "பற்றரித் தண்ணி வாங்கு, அதில உப்பே இராது. கராஜில இருக்கும். அதில ரெண்டு தரம் கழுவி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போட்டுத் தேய். ஒரு நாள் முழுக்கக் காய விடு. பிறகு பார்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அள்ளி, உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். உப்பில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடியும் குடித்தாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அந்த ஒரு மாதமும் விடியக் காலமை எழும்பி, சீனி அளந்து போட்டு, ஆசை ஆசையாக ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை நினைத்தாள். ஒவ்வொரு நாளும் அவள் முகத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கிறான். பொய் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தக் கிணற்றிலேயே குடித்து வளர்ந்தவனுக்கு இந்தத் தண்ணீர் இறங்காத தொண்டை எப்படி வந்தது? அவளைக் கேட்காமல் அவனுடைய நாக்கு எங்கேயோ குடிபோய்விட்டது. கிணற்றுக் கட்டில் இருந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

வியாழக்கிழமை பற்றரித் தண்ணீர் இரண்டு கான் வாங்கினாள். அழுதாலும் வேலை வேலைதான். அகலமான தட்டத்தில் பலகையைக் கிடத்தி, ஒரு கானை ஊற்றி, பல்பு பல்பாகத் தேய்த்தாள். அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது கான். பிறகு ஸ்பிரிட். பஞ்சு முதலில் பச்சையாக வந்தது, பிறகு வெள்ளையாக வந்தது. பகல் முழுக்க வெயில், பொழுது பட்டதும் ஃபேன். அன்று கடைசி நாள் என்பது அவளுக்கு ஒவ்வொரு மணிக்கும் ஞாபகம் இருந்தது. பின்னேரம் அவன் எடுத்தபோது கேட்க வாய் உன்னியது. "லைட் எப்பிடி? காயுதா?" என்று அவன் கேட்டான். "காயுது" என்றாள். "நாளைக்கு ஆறுதலாக் கதைப்பம்" என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிபோல றஊப் நானா தந்த புதுப் பெட்டியைப் பூட்டி, ஆணிகளை முறுக்கி, தங்கூசியை இரட்டையாக முறுக்கிக் கட்டி, லைட்டைப் பழையபடி தொங்கவிட்டாள். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து நிமிசம். அரை மணித்தியாலம். இரண்டு மணித்தியாலம். ஒரு பல்புகூடச் சிமிட்டவில்லை. தாமரை முதலில் ஒரு கையை நீட்டியது, பிறகு நாலைந்து கைகளை. ஏழு மணிக்குள் பாதி விரிந்துவிட்டது. பெரிய மீன் வந்து அதன்மேல் முதுகைத் தேய்த்தது.

அவன் எடுத்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் கமராவைத் திருப்பினாள்.

"எரியுது!" என்றான். "தாமரையும் தப்பீற்றுது. டிலோ, நீ கெட்டிக்காரியடி."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். முதல்முறையாக அவன் கண் மீனோடு போகவில்லை. ஒரே இடத்தில் நின்றது.

"நீ லைட் விழுந்ததை ரெண்டு நாள் மறைச்சனி," என்றான். "நானும் ஒண்டு மறைச்சனான்."

அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும், "என்ன?" என்று கேட்டாள்.

"கையெழுத்து வச்சிட்டன். திங்கக்கிழமை காலமையே. நீ கரண்ட் இல்லையெண்டு சொன்னது எனக்கு நல்லதாப் போச்சு. உனக்கு முகம் காட்ட ஏலாமக் கிடந்தது."

திங்கட்கிழமை காலை. அவள் குனிந்து நின்று கிணற்றில் அள்ளிக்கொண்டிருந்த நேரம். அப்போதே எல்லாம் முடிந்திருந்தது. பிறகு உரஞ்சினது, காயவைத்தது, பஸ் ஏறினது எல்லாம் முடிந்துபோன ஒன்றுக்காகத்தான். அவன் ஏசாததன் காரணமும் இப்போது தெரிந்தது.

"நான் வரக்கூடாதெண்டில்ல," என்றான் அவன். "வந்து என்ன செய்யிறது? எல்லாரும் இறங்கிப் போவாங்கள். நான் கரையில நிண்டு ஆரோ ஒருத்தன்ர அட்டையை நிறுத்துக் குடுக்கோணும். ஒவ்வொரு நாளும் கடலைப் பாத்துக்கொண்டு இறங்காம இருக்க என்னால ஏலாது, டிலோ. இஞ்ச நான் இருக்கிற பக்கம் கடல் கண்ணில படாது. நீ காட்டுற இது காணும் எனக்கு."

'அப்ப நான்?' என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. அந்த இரண்டு சொல்லைச் சொல்லத்தான் நாலு வருசமாகப் பயந்தாள். இன்றைக்கும் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்து, மூக்கு நுனியில் நின்று, மடியில் விழுந்தது.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"டிலோ."

"ம்."

"அழுறியா?"

அவள் போனை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"மீன் காணும். போனை இஞ்சால திருப்பு. உன்னைப் பாக்கோணும்."

இதைத்தான் அவள் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். செபமாலை உருட்டும்போது இடையில் சொருகிக் கேட்டிருக்கிறாள். விரல் தானாகத் திருப்புகிற இடத்துக்குப் போனது. முகத்தில் கண்ணீர், தலை கலைந்து கிடந்தது, வாடி மணம் போகக் குளிக்கவும் இல்லை. அதற்காக அவள் விரலை எடுக்கவில்லை. திருப்பினால் அவன் பார்ப்பான். பார்த்தால் அவனுடைய மனம் ஆறிவிடும். ஆறினால் இந்த இரண்டு வருசமும் அவனுக்குச் சுகமாகப் போய்விடும்.

"என்னைப் பாக்கோணுமெண்டா வந்து பாருங்கோ," என்றாள்.

அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. போனைத் தொட்டிக்கு நேராகவே பிடித்தபடி அவனைப் பார்த்தாள். அவன் திரைக்கு மிகக் கிட்ட வந்திருந்தான். மீனையும் பார்க்கவில்லை, தாமரையையும் பார்க்கவில்லை. தொட்டிக் கண்ணாடியின் ஓரமாக, மேலும் கீழுமாக, அவள் நிழல் எங்கேயாவது விழுந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். டிலோஜினி கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து இருட்டில் இருந்துகொண்டு, அவன் தேடுவதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.